கூகுள் அப்டேட்டுக்குப் பிறகு ரேங்க் விழுந்துவிட்டதா? செட்டிநாட்டுத் தொழில்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் ஆத்தங்குடி கல் (கையால் செய்யும் சிமெண்ட் தரை ஓடு) செய்கிறவர்கள், கண்டாங்கிச் சேலை விற்கிறவர்கள், பலகாரக் கடைக்காரர்கள், பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியவர்கள் என்று பலருக்கும் இப்போது சொந்த இணையதளம் இருக்கிறது. அப்படிப்பட்ட தளங்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையைக் கூகுள் திருத்துவதுதான் அப்டேட், அந்த வரிசையில் நம் தளம் வரும் இடம்தான் ரேங்க். பெரிய கூகுள் அப்டேட் ஒன்று வந்துபோனால் போன் ஓயாது. வருகிற கேள்விகளும் பெரும்பாலும் இவைதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நேற்று வரை முதல் பக்கத்தில் வந்தோம், இன்று காணவே காணோம். உடனே என்ன செய்ய வேண்டும்?

எதையும் மாற்றாதீர்கள். தலைப்பைத் திருத்துவது, தளத்தின் தோற்றத்தை (தீம்) மாற்றுவது, பக்கங்களை அழிப்பது எதுவும் வேண்டாம். பதற்றத்தில் ஐந்து இடத்தில் கைவைத்துவிட்டால், எதனால் விழுந்தது என்பதும் தெரியாது, பிறகு ஏறினால் எதனால் ஏறியது என்பதும் தெரியாது.

தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்து இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள். ஒன்று, மேனுவல் ஆக்‌ஷன் என்ற பகுதி. கூகுள் ஊழியர் ஒருவரே உங்கள் தளத்தைப் பார்த்து நடவடிக்கை எடுத்திருந்தால் அது அங்கே எழுதியிருக்கும். இன்னொன்று, பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதி. யாராவது தளத்துக்குள் புகுந்து சூதாட்டப் பக்கங்களைச் சேர்த்திருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். இரண்டும் சுத்தமாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

விழுந்தது அப்டேட்டால்தானா, வேறு காரணமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். என்னிடம் 'அப்டேட் அடித்துவிட்டது' என்று வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையான காரணம் வேறாக இருக்கிறது.

முதலில் தேதி. கூகுள் தேடல் நிலைப் பலகை என்று ஒரு பொதுப் பக்கம் உண்டு. ஒவ்வொரு பெரிய அப்டேட்டும் எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் முடிந்தது என்று அதில் போடுகிறார்கள். 2024 மார்ச் அப்டேட் மார்ச் 5-ல் தொடங்கி ஏப்ரல் 19-ல்தான் முடிந்தது. இடையில் ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும். அந்த நாட்களின் எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அப்டேட் முடிந்து ஒரு முழு வாரமாவது கழியட்டும். அப்புறம் அந்த ஒரு வாரத்தை, அப்டேட் தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரத்தோடு ஒப்பிடுங்கள். கூகுள் சொல்லும் முறையும் இதுதான்.

அடுத்தது பருவம். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. பலகாரத்துக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள்தான் உச்சம், அதற்குப் பிறகு விழத்தான் செய்யும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, சீர் சாமான் தேடுகிறவர்கள் குறைவார்கள். தங்கும் விடுதிகளுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நன்றாக ஓடும், கத்திரி வெயிலில் யாரும் வரமாட்டார்கள். அதனால் போன மாதத்தோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், போன வருஷம் இதே மாதத்தையும் வைத்துப் பாருங்கள். சர்ச் கன்சோலில் 16 மாதக் கணக்கு இருக்கிறது. தீபாவளி ஒரு வருஷம் அக்டோபரிலும் இன்னொரு வருஷம் நவம்பரிலும் வரும் என்பதால் தேதியைப் பார்க்காமல் பண்டிகையை வைத்து ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, நம் கையால் நடந்தது. தளத்தைப் புதிதாக மாற்றிக் கட்டியவர், 'தேடலில் காட்டாதே' என்ற நோ-இண்டெக்ஸ் கட்டளையைச் சோதனைக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார். பழைய முகவரிகளைப் புதிய முகவரிகளுக்குத் திருப்பிவிடாமல் விட்டிருப்பார். தளம் இருக்கும் சர்வருக்கான ஹோஸ்டிங் பணம் கட்டாமல் தளம் இரண்டு நாள் படுத்திருக்கும். சர்ச் கன்சோலில் மேலே இருக்கும் கட்டத்தில் உங்கள் முக்கியமான பக்கத்தின் முகவரியைப் போட்டுப் பாருங்கள். அந்தப் பக்கம் கூகுளில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று அதுவே சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. 2025 செப்டம்பரில் கூகுள், ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டும் வசதியை எடுத்துவிட்டது. ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அதைத்தான் நம்பியிருந்தன. அந்தச் சமயத்தில் பல தளங்களின் இம்ப்ரெஷன் கணக்கு, அதாவது தேடல் முடிவுகளில் தளம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற எண், சட்டென்று சரிந்தது. அதுவரை அந்த மென்பொருள்கள் பார்த்ததும் கணக்கில் சேர்ந்திருக்கலாம். கிளிக் குறையாமல் இம்ப்ரெஷன் மட்டும் அந்த மாதத்தில் விழுந்திருந்தால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

கோர் அப்டேட் என்பது தண்டனையா? நாங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லையே?

தண்டனை இல்லை. கூகுள் வருஷத்துக்குச் சில முறை தன் மதிப்பிடும் முறையையே மொத்தமாகத் திருத்துகிறது, அதுதான் கோர் அப்டேட். கூகுளே இதை ஓர் உணவகப் பட்டியலை வைத்து விளக்குகிறது. காரைக்குடியில் நல்ல மெஸ் எது என்று சில வருஷம் முன்பு கேட்டால் ஒரு பட்டியல் சொல்லியிருப்பீர்கள், இன்று கேட்டால் புதிதாக வந்த இரண்டு மெஸ் அதில் மேலே ஏறியிருக்கும். கீழே இறங்கிய மெஸ்ஸில் சாப்பாடு கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

பெயர்களைக் கேட்டுக் குழம்பாமல் இருக்கக் கொஞ்சம் பின்னணி. 2011-ல் வந்த பாண்டா, சரக்கில்லாத பக்கங்களைக் குறிவைத்தது. 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின், மற்ற தளங்களிலிருந்து நம் தளத்தைச் சுட்டும்படி காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளைக் குறிவைத்தது. 2022 ஆகஸ்டில், தேடுபொறிக்காகவே எழுதப்பட்ட பக்கங்களைக் கீழே தள்ளும் ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட் வந்தது. 2024 மார்ச்சில் அதுவும் கோர் அப்டேட்டுக்குள்ளேயே கலந்துவிட்டது. ஆகவே 'எங்களை அடித்தது எந்த அப்டேட்' என்று பெயர் தேடுவதில் இப்போது பெரிய பயன் இல்லை.

எது விழுந்தது என்று எப்படிப் பார்ப்பது? மொத்த எண் மட்டும்தான் தெரிகிறது.

மொத்த எண் ஒன்றும் சொல்லாது. சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கைக்குள் போய், மேலே சொன்ன இரண்டு வாரங்களையும் ஒப்பிடும்படி வைத்துவிட்டு, முதலில் பக்கங்கள் வாரியாகவும் பிறகு தேடல் சொற்கள் வாரியாகவும் பாருங்கள்.

உதாரணமாக ஆத்தங்குடி கல் விற்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். கிளிக் பாதியாகக் குறைந்திருக்கிறது. பக்கம் பக்கமாகப் பார்த்தால், 'வீட்டுக்கு எந்த நிறம் ராசி', 'வாஸ்துப்படி தரை' என்று கூட்டம் சேர்ப்பதற்காக எழுதிய கட்டுரைகள்தான் காணாமல் போயிருக்கும். 'ஆத்தங்குடி டைல்ஸ் விலை' என்ற சொல்லுக்கு வரும் பக்கம் 2-ஆம் இடத்திலிருந்து 4-க்குத்தான் வந்திருக்கும். கல் வாங்க யாரும் வாஸ்துக் கட்டுரை வழியாக வந்ததில்லை. அந்தக் கிளிக்குகள் போனதில் கல்லாவுக்கு ஒன்றும் குறையவில்லை.

2-லிருந்து 4-க்கு இறங்கியதற்கெல்லாம் பக்கத்தைப் புரட்டிப் போட வேண்டாம், சின்ன ஏற்ற இறக்கம் அது. 4-லிருந்து 29-க்குப் போயிருந்தால்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்படி விழுந்த சொல்லைக் கூகுளில் நீங்களே தேடி, இப்போது மேலே இருக்கும் ஐந்து பக்கங்களையும் பொறுமையாகப் படியுங்கள். அவர்கள் சொல்லியிருப்பதில் நாம் சொல்லாதது என்ன? இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் வேலைப் பட்டியல்.

சரி, பக்கத்தில் எதை எழுதினால் திரும்ப மேலே வரலாம்?

உங்களுக்கு மட்டும் தெரிந்ததை. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. நம் பக்கத்துத் தளங்களைத் திறந்தால், 'செட்டிநாடு என்பது பாரம்பரியமும் கலாச்சாரமும் நிறைந்த பகுதி' என்று ஒரே பத்தி பத்துத் தளங்களில் இருக்கிறது. ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துப் போட்டது. நாற்பது வருஷமாகக் கல் செய்கிற ஒருவர், அந்தக் கல்லைப் பற்றி இணையத்தில் யாரோ எழுதியதை நகலெடுத்துத் தன் தளத்தில் போட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை.

அதே கல் பட்டறைக்குப் போய் நின்று பாருங்கள். கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட்டைக் கையாலேயே ஊற்றுகிறார்கள். அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர் கலவையைத் தூவுகிறார்கள், பிறகு ஈரக் கலவை. சட்டத்தை எடுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்த பிறகு கண்ணாடியைப் பிரித்தால் அந்தப் பளபளப்பு வருகிறது. சூளையே கிடையாது. கையால் ஊற்றுவதால் ஒரு கல்லின் பூ இன்னொரு கல்லில் அச்சு அசலாக வராது.

வாங்குகிறவர் கேட்பது இதிலிருந்துதான் வரும். சென்னையில் இருக்கும் என் பிளாட்டில் போடலாமா? குளியலறைக்கு ஆகுமா? ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? கூடாது, சிமெண்ட் அரித்துப்போகும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் மினுக்கு நிற்குமா? நூறு கல் அனுப்பினால் எத்தனை உடையும், உடைந்தால் யார் பொறுப்பு? பதிக்க உள்ளூர்க் கொத்தனாருக்குத் தெரியுமா, இங்கிருந்து ஆள் வர வேண்டுமா? இதையெல்லாம் போனில் தினமும் சொல்கிறீர்கள், தளத்தில்தான் இல்லை. உங்கள் பட்டறையில் உங்கள் போனில் எடுத்த படத்தோடு இவ்வளவையும் போட்டால், வேறு எவராலும் எழுத முடியாத பக்கம் அது.

கண்டாங்கிக்கும் இதேதான். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற வரி எல்லாத் தளத்திலும் இருக்கிறது. முதல் இரண்டு துவைப்பில் அரக்குச் சாயம் போகுமா, தனியாக ஊறவைக்க வேண்டுமா, விசைத்தறிச் சேலையைக் கைத்தறியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது, இந்த நூல் வெயில் காலத்துக்குத் தாங்குமா என்பது எத்தனை தளத்தில் இருக்கிறது?

விடுதிக்காரர்கள் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டின் படங்களை அழகாகப் போட்டிருக்கிறார்கள். வருகிறவருக்கு வேண்டியது வேறு. செட்டிநாடு என்பது ஓர் ஊரின் பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள், எங்கே இறங்குவது என்று அவர்களுக்குத் தெரியாது. செட்டிநாடு என்ற பெயரில் ரயில் நிலையம் இருப்பது கானாடுகாத்தான் பக்கத்தில் என்று சொல்லுங்கள். எந்த வண்டி அங்கே நிற்கும், எதற்குக் காரைக்குடியில் இறங்க வேண்டும் என்று எழுதுங்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கும், முட்டி வலி உள்ள பெரியவர்களுக்குக் கீழ் அறை கொடுப்போம் என்பதையும் எழுதுங்கள். மதியம் எத்தனை மணிக்குச் சொன்னால் இரவுக்கு வெள்ளைப் பணியாரம் கிடைக்கும் என்பதும் வேண்டும்.

தேடல் முடிவுகளை மதிப்பிடுகிறவர்களுக்குக் கூகுள் தரும் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் 'அனுபவம்' என்ற அளவுகோலைச் சேர்த்தார்கள். எழுதியவர் அந்தப் பொருளைக் கையால் தொட்டவரா, அந்த இடத்துக்குப் போனவரா என்று பார்ப்பது. நம் ஊர்த் தொழில்காரர்களுக்கு இதில் குறையே கிடையாது. எழுதாமல் விட்டதுதான் குறை.

எழுத வராதவர்கள், பலகாரம் போடும் ஆச்சி பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். மணகோலத்துக்குப் பாகு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், சீப்புச்சீடை ஏன் சிலருக்கு வெடிக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்புவதில் எது தாங்கும், எது வீச்சம் அடித்துவிடும் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே தட்டச்சு செய்யுங்கள்.

தமிழில் போடுவதா, ஆங்கிலத்திலா?

உங்கள் வாடிக்கையாளர் எந்த மொழியில் தேடுகிறாரோ அதில். பலகாரம், சீர் சாமான் தேடுகிறவர்களில் தமிழில் தட்டுகிறவர்களும் குரலில் கேட்கிறவர்களும் நிறையப் பேர். விடுதிக்கு ஆங்கிலம் இல்லாமல் முடியாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தனிப் பக்கங்களாக வையுங்கள், ஒரே பக்கத்தில் கலக்காதீர்கள். ஆங்கிலப் பக்கத்தை இயந்திரத்தில் போட்டு வந்த தமிழை யாரும் படித்துப் பார்க்காமல் ஏற்றுவது வேண்டவே வேண்டாம்.

பழைய தளங்களில் ஒரு சிக்கலை இன்னும் பார்க்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது திரையில் தமிழாகத் தெரியும், கூகுளுக்கோ வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் போய்ச் சேரும். பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வரவில்லை என்றால் முழுவதையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போட்டிருந்தால் அதையும் எழுத்தாகப் போடுங்கள்.

அப்புறம், மக்கள் சொல்லும் பெயர்கள் எல்லாம் இயல்பாகப் பக்கத்தில் வரட்டும். ஆத்தங்குடி கல் என்று ஒருவர் தேடுவார், ஆத்தங்குடி டைல்ஸ் என்று இன்னொருவர்.

ஏஐ எழுதிக் கொடுத்த நூறு கட்டுரை ஏற்றினோம். அதுதான் காரணமா?

இருக்கலாம். ஏஐ பயன்படுத்துவதைக் கூகுள் தடை செய்யவில்லை. ஆனால் தேடலில் இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாகப் பக்கங்களைக் குவிப்பது, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், 2024 மார்ச்சிலிருந்து ஸ்பேம் (தேடலை ஏமாற்றும் வேலை) விதிமீறல். 'மதுரையில் ஆத்தங்குடி டைல்ஸ்', 'திருச்சியில் ஆத்தங்குடி டைல்ஸ்' என்று ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அறுபது பக்கம் போட்டிருந்தால் அதுவும் ஸ்பேம் விதிமீறல்தான். அவற்றை எடுத்துவிட்டு, எல்லா ஊருக்கும் அனுப்பும் செலவையும் நாளையும் சொல்லும் ஒரே பக்கம் வையுங்கள்.

அப்படியானால் பழைய பக்கங்களை எல்லாம் அழித்துவிடலாமா?

அழிப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். திருத்தி நன்றாக்க முடிகிறதைத் திருத்துங்கள். ஒரே விஷயத்தைப் பேசும் நாலு பக்கங்களை ஒன்றாக்கி, பழைய முகவரிகளை 301 ரீடைரக்ட் என்ற நிரந்தரத் திருப்பல் மூலம் புதியதற்குத் திருப்புங்கள். யாருக்கும் உதவாது என்று நீங்களே நினைக்கிறதை மட்டும் எடுங்கள். தேதியை மட்டும் மாற்றிப் 'புதுப்பித்தது' போலக் காட்டுவதால் எந்தப் பலனும் இல்லை.

கெட்ட லிங்க்குகள்தான் காரணம், அவற்றைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லி மறுதலிக்க வேண்டும் என்கிறார்களே?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. 2016-க்குப் பிறகு பெங்குவின், ஸ்பேம் லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது, அவற்றுக்காகத் தளத்தையே கீழே தள்ளுவதில்லை. ரஷ்யாவிலிருந்தோ எங்கிருந்தோ சம்பந்தமில்லாத லிங்க் வருவது எல்லாத் தளத்துக்கும் நடக்கிறது. நீங்களே முன்பு காசு கொடுத்து லிங்க் வாங்கியிருந்து, அதற்காக மேனுவல் ஆக்‌ஷனும் வந்திருந்தால் மட்டும், லிங்க்குகளை மறுதலிக்கக் கூகுள் தரும் கருவியைத் தொடுங்கள். மறுபரிசீலனை விண்ணப்பமும் மேனுவல் ஆக்‌ஷனுக்குத்தான், கோர் அப்டேட்டுக்கு அப்படி மனுப் போட வழி இல்லை.

தளம் மெதுவாகத் திறப்பதால் விழுந்திருக்குமா?

அது மட்டுமே காரணமாக இருக்காது. இருந்தாலும் சரிசெய்யுங்கள். முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் பதில் வர வேண்டும் என்பது கூகுளின் அளவு. நம் தளங்களில் குற்றவாளி பெரும்பாலும் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய பெரிய படங்கள்தான்.

கேள்வி-பதில் பக்கம் போட்டால் கூகுளில் விரிந்து தெரியுமாமே?

முன்பு தெரிந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து அரசு, மருத்துவத் தளங்கள் சிலவற்றுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். வாடிக்கையாளருக்கு உதவும் என்றால் போடுங்கள்.

ரேங்க் அப்படியே இருக்கிறது, கிளிக் மட்டும் குறைகிறது. ஏன்?

தேடல் பக்கத்தின் மேலேயே ஏஐ சுருக்கம் பதிலைச் சொல்லிவிடுகிறது. இந்தியாவில் அது 2024 ஆகஸ்டில் வந்தது. 'கவுனி அரிசி எப்படி வேகவைப்பது' போன்ற கேள்விக்கு இனி முன்பு போலக் கிளிக் வராது. கவுனி அரிசி வாங்குகிறவர் விலையையும் கடையையும் பார்க்க உள்ளே வந்துதான் ஆக வேண்டும். அந்தப் பக்கத்தை முதலில் கவனியுங்கள்.

எத்தனை நாளில் திரும்ப வரும்?

சில திருத்தங்களுக்குச் சில நாட்களில் பலன் தெரியும். தளம் மொத்தமும் நம்பத்தக்கது என்று கூகுள் ஏற்றுக்கொள்ளப் பல மாதம் ஆகலாம். பெரிய மாற்றம் பெரும்பாலும் அடுத்த கோர் அப்டேட் வரும்போது தெரிகிறது. பழைய இடமே கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, கூகுளும் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை. அதுவரை கூகுள் மேப்பில் உங்கள் கடையின் விவரத்தைச் சரியாக வையுங்கள்: நேரம், பண்டிகை விடுமுறை, புதிய படங்கள். அங்கே தேடலுக்குப் பொருத்தம், தூரம், கடை எவ்வளவு பிரபலம் என்ற மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். அதனால் தளம் விழுந்தாலும் மேப்பில் அழைப்புகள் வந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன். வாங்கிப்போன ஒவ்வொருவரிடமும் விமர்சனம் கேளுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

30 நாளில் முதல் இடம் என்று ஒருவர் உறுதி தருகிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். முதல் இடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. வேறு யாரையாவது வேலைக்கு வைப்பதாக இருந்தாலும், மாதம் என்ன செய்தார் என்று பக்கம் பக்கமாகக் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் ஒன்று: டொமைன், அதாவது உங்கள் தளத்தின் இணைய முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சர்ச் கன்சோலிலும் மேப் கணக்கிலும் உரிமையாளராக நீங்கள் இருக்க வேண்டும், வேலை செய்கிறவருக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் போதும். சண்டை போட்டுப் பிரிந்த பிறகு டொமைனைத் திரும்ப வாங்க அலைந்த இரண்டு மூன்று கடைக்காரர்களை எனக்குத் தெரியும். பதிவு வேறு பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.